திரையில் தெரியாத வரிகள்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன். வேறு இடத்தில் அப்படி எழுத எனக்கு அனுமதி இல்லை. அதனால்தான் இந்த நோட்டு.

என் பெயர் ரெனிட்டா. தூத்துக்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. அப்பா பிலவேந்திரன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவருடைய கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நான்கு மாதமாக நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டார். மாற்று ஆட்கள் வராமல் யாரையும் இறங்க விடமாட்டோம் என்கிறார்கள் துறைமுகத்துக்காரர்கள். பதினொரு பேர் கரையைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜூன் மாதம் ஒருவர், ஊரில் தம்பி இறந்த செய்தி வந்த அன்று, கரைக்கு நீந்திவிடலாம் என்று குதித்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். போட்டது அப்பாவின் தங்கை, ரோஸ்லின் அத்தை.

"கெட்ட சேதி ஒண்ணும் அங்க போவக் கூடாது. போச்சுன்னா எங்கண்ணனும் குதிச்சிருவான். சின்னதுலயே அவனுக்குப் பொறும கெடையாது. கேட்டியாட்டி ரெனி?"

கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் கடிதம் எழுதுவது நான்தான். கப்பலில் செல்போனுக்கு சிக்னல் இல்லை. நம் நேரத்துக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை கேப்டனின் கம்ப்யூட்டரில் சாட்டிலைட் வழியாக மெயில் வரும், போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு முகவரிதான். மே மாதம் சிறப்பு வகுப்பின்போது பள்ளிக் கம்ப்யூட்டர் ஆய்வகத்திலிருந்து சோதனைக்காக ஒரு வரி அனுப்பினேன். அப்பா அந்த முகவரியையே பதிந்துவிட்டார். ஆகவே அப்பாவோடு பேச எங்களுக்கு இருப்பது பள்ளியின் முதல் மாடியில் கடைசி அறை.

ஜூலை 10, புதன்

ஆய்வகத்தில் மெயில் தளங்கள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். என் செயல்திட்டம் 'நிரல் மூலம் மின்னஞ்சல் அனுப்புதல்' என்பதால் நான் பைத்தானில் எழுதிய நிரலுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. வருகிற பதில் ஆய்வக உதவியாளரின் கம்ப்யூட்டரில் விழும்.

ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு அறைகள் உண்டு என்று பாடத்தில் படித்தேன். முதல் அறையில் வெறும் எழுத்து. இரண்டாவது அறையில் ஹெச்டிஎம்எல்: நிறம், படம், தலைப்பு, கட்டம் போட்ட அட்டவணை, என்ன வேண்டுமானாலும். வாங்குகிற கம்ப்யூட்டர் தன்னால் எதைக் காட்ட முடியுமோ அதைக் காட்டும். முதல் அறையைக் காலியாக விடாதீர்கள் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நிறம் காட்டத் தெரியாத கம்ப்யூட்டர் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது? காலியாகவே விட்டேன்.

இரண்டாவது அறையை மூன்று பீரியட் உட்கார்ந்து அலங்கரித்தேன். பின்னணி எங்கள் வீட்டுச் சுவரின் நீலம். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பது மெரூன் நிறத்தில். கடிதம் முழுவதும் நல்ல தமிழ், ஒரு ஒற்றுப் பிழை கிடையாது. கீழே எங்கள் முருங்கை மரத்தின் சின்னப் படம்.

பக்கத்து நாற்காலி வேல்கனி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது கடுதாசியா கல்யாணப் பத்திரிகையா? கீழ 'தங்கள் வரவை விரும்பும்'னு போடு."

"அதத்தான போட முடியாது" என்றேன். அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டில் அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் நின்றுகொண்டு கத்தியில் நறுக்குவாள். இன்று மனைப்பலகை போட்டு உட்கார்ந்து நறுக்கினாள். சாளை மூன்றைத் துப்புரவாக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஜூலை 11, வியாழன்

பதில் வந்துவிட்டது. அப்பா தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். இங்கே தமிழில் மாற்றி எழுதுகிறேன்: "மெயில் வந்துச்சு. நல்லா படி."

நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கு வாரத்துக்கு ஒரு வரிதான் அனுப்பலாமாம், அதனால் இருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா கோயிலுக்கு வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து பூசைக்கு அவள் போகாத ஞாயிறு இது ஒன்றுதான். கொடியில் கறுப்பு உள்பாவாடைகளும் பழைய துணிகளும் மட்டும் காய்ந்தன. நாள்களை எண்ண எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இது இருபத்திரண்டாவது நாள். அதைப் பற்றி மேலும் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அத்தை மாட்டு ஈரல் வாங்கி வந்தாள். "இரத்தம் கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று அம்மாவிடம் சொன்னாள். அடுப்படியில் என்னிடம், "அப்பாவுக்கு என்னட்டி எழுதுன?" என்றாள். அச்சடித்து வைத்திருந்த தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, "அம்மா சிரிச்சிக்கிட்டே இருக்கான்னு ஒரு வரி சேரு" என்றாள்.

சேர்த்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது தவறு, போன வருடமே படித்ததுதான். ஹெச்டிஎம்எல்லில் 'குறிப்பு' என்று ஒன்று உண்டு. அதற்கென்று உள்ள அடையாளங்களுக்கு நடுவே என்ன எழுதினாலும் அது பக்கத்தில் இருக்கும், ஆனால் திரையில் தெரியாது. எழுதியவர் தனக்காக வைத்துக்கொள்ளும் ஞாபகம்.

'அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள்' என்ற வரிக்குக் கீழே ஒரு குறிப்பு போட்டேன்: அம்மாவால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துதான் மீன் நறுக்குகிறாள்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீலப் பின்னணி, மெரூன் தலைப்பு, சிரிக்கும் அம்மா. குறிப்பு எங்கேயும் இல்லை. நான் அப்பாவிடம் சொல்லாமலும் இல்லை, சொன்னதாகவும் இல்லை.

குறிப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்தேன். நிரலுக்குள் குறிப்பு என்றால் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் அடிப்போம். இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் எழுதினால் அது கடிதமாகிவிடும்.

ஜூலை 18, வியாழன்

அப்பாவின் இந்த வார வரி: "அம்மாவ நிக்க விடாத. தண்ணிக்கொடம் நீ தூக்கு."

எவ்வளவு பொருத்தமாக எழுதியிருக்கிறார்! இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

வேல்கனி புருவத்தைத் தூக்கினாள். "உங்கப்பா சமையக்காரரா, குறி சொல்றவரா?"

நான் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை. குடம் இனி நான்தான் தூக்குகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். அம்மா தாளை வாங்கி மடித்து, மறுபடி மடித்து, பைபிளுக்குள் வைத்துவிட்டாள். பிறகு எடுத்துப் பார்க்கலாம் என்று போனேன். இடம் மாற்றியிருந்தாள்.

கடிதத்தில்: அம்மாவும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம், எனக்குக் கம்மல் பார்த்தோம்.

குறிப்பில்: ஸ்கேன் எடுத்தார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பெண்கள் வார்டு, கட்டில் எண் 9. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். எதற்காக என்று நான் கேட்டதற்கு, "கட்டி இருக்கு, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கதுதான்" என்றாள் அத்தை. எதிர்க் கட்டில் அம்மாளை அதே கட்டிக்காக மூன்றே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவைப் பார்க்க மட்டும் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து வருகிறார்கள்.

பிசிக்ஸ் ரெக்கார்டில் நான்காவது சோதனையை எழுதி முடித்தேன். படம் வரைய வேண்டும்.

கடிதத்தில்: மாதா கோயில் திருவிழாவுக்கு அம்மா பச்சைச் சேலை எடுத்திருக்கிறாள்.

குறிப்பில்: ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், வெள்ளிக்கிழமை ஆபரேஷன், பயமாக இருக்கிறது.

கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டுத் திரையில் தெரிகிறதா என்று ஐந்து முறை பார்த்தேன். தெரியவில்லை. அனுப்பினேன்.

ஜூலை 24, புதன்

"நான் வர வழி பாக்கேன்னு அம்மாட்ட சொல்லு. கேப்டன்ட்ட தெனமும் கேக்கேன்."

திருவிழா என்று எழுதியதும் அப்பாவுக்கு ஊர் ஆசை வந்துவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "அவுகளுக்கு ஏதும் எழுதுனியாட்டி?"

"அத்த சொன்னததான் எழுதுனேன்."

அது பொய் இல்லை. திரையில் இருந்தது அதுதான்.

ஜூலை 26, வெள்ளி

இன்று மாதா கோயிலில் கொடியேற்றம். வாணவெடி ஆஸ்பத்திரி வராந்தா வரை கேட்டது. உள்ளே அம்மாவைக் கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என் தோளில் தூங்கிவிட்டாள். கொடியேற்றத்தைப் பற்றி அப்பாவுக்கு என்ன எழுதலாம் என்று மனத்தில் வாக்கியங்கள் அமைத்துக்கொண்டிருந்தேன். கடற்காற்றில் கொடி எப்படிப் படபடத்தது, எத்தனை புறா பறந்தது. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. நன்றாக வந்திருந்தன வாக்கியங்கள்.

ஒன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். உதடு காய்ந்திருந்தது. மூச்சு இருந்தது.

ஜூலை 29, திங்கள்

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தவள் கையை எடுத்துவிட்டாள். டாக்டர் வந்து, "இனிமே அந்த வலி இருக்காதும்மா" என்றார். அம்மா என்னைப் பார்த்து, "நெசமாவே வலி இல்லட்டி" என்றாள். எடுத்ததில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ் பிடித்து, நாலரைக்குள் ஆய்வகத்துக்கு ஓடினேன். கடிதத்தில் கொடியேற்றம், புறாக்கள், பச்சைச் சேலை. குறிப்பில் ஒரே ஒரு வரி, ஆனால் முதல்முறையாகச் சந்தோஷமான வரி: அம்மாவுக்கு இனி வலி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் கடிதமும் குறிப்பும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்ன நாள் இதுதான்.

ஜூலை 31, புதன்

பதில் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பதில் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இல்லை. ஆய்வக உதவியாளர் முத்துமாரி அக்கா, "சாட்டிலைட்டுல மழையா இருக்கும்" என்றார். சாட்டிலைட்டில் மழை பெய்யாது என்று அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கஞ்சி குடித்தாள். "அவுக என்ன எழுதுனாவ?" என்றாள். "ஒங்கள விசாரிச்சாவ" என்றேன். இது முழுப் பொய். இந்த நோட்டில் மறைக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழாவின் கடைசி நாள். பள்ளி விடுமுறை. அத்தை ஆஸ்பத்திரிக்குப் போய் சோதனை ரிப்போர்ட்டை வாங்கி வந்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் கிணற்றடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். நான்கு வரி. மூன்றாவது வரியில் ஒரு சொல்.

அந்தச் சொல்லை இங்கே எழுதவில்லை. நேற்றுவரை அதற்கு என்னிடம் ஒரு பாட வரையறை இருந்தது, உயிரியல் புத்தகத்தில், சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண்.

"உங்கம்மைக்குத் தெரியக் கூடாது" என்றாள் அத்தை. அப்பாவுக்கும் தெரியக் கூடாது, அம்மாவுக்கும் தெரியக் கூடாது. எங்கள் வீட்டில் இனி எல்லாச் செய்தியும் குறிப்புதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

நாலு இருபதுக்கு முத்துமாரி அக்கா கூப்பிட்டார். கப்பலிலிருந்து நேற்றே ஒரு மெயில் வந்து கிடந்தது. அப்பா எழுதியது இல்லை. அப்பாவுக்குக் கீழே வேலை செய்யும் மணப்பாட்டுக்காரர், கிளாட்வின் அண்ணன் எழுதியது:

"தங்கச்சி, கேப்டன் கணக்குப் பாக்காம எழுதச் சொன்னாரு. அஞ்சு நாளா உங்கப்பா அடுப்படிக்கு வரல. சாப்பிடல. கம்பிய பிடிச்சிட்டுக் கடலையே பாத்துட்டு நிக்காவ. அவள மண்ணுல வைக்கதையாவது பாக்கணும், நீந்திப் போறேன்னு சொல்றாவ. ரெண்டு பேரு மாத்தி மாத்திக் கூட நிக்கோம். அம்மா இனி பொழைக்க மாட்டாவன்னு நீ எழுதிட்டியாம். என்னன்னு சரியா எழுது. எத்தன நாளைக்கு எங்களால காவல் காக்க முடியும்?"

நான் அப்படி எழுதவே இல்லை. அவர் என் மெயிலுக்குப் பதிலாக எழுதியிருந்ததால், என் கடிதம் அங்கே எப்படித் தெரிந்தது என்பதன் நகலும் கீழே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இறக்கிப் பார்த்தேன்.

நீலம் இல்லை. மெரூன் இல்லை. முருங்கை இல்லை. அந்தக் கப்பலின் மெயில் இயந்திரத்துக்கு வெறும் எழுத்து மட்டும்தான் காட்டத் தெரியும். முதல் அறை காலியாக இருந்ததால் இரண்டாவது அறையை உடைத்து, நான் எழுதிய கட்டளைகளை அப்படியே கொட்டியிருந்தது. அதில் தமிழ் எழுத்தும் கிடையாது. என் கொடியேற்றம், என் புறாக்கள், பச்சைச் சேலை, சிரிக்கும் அம்மா எல்லாம் வெறும் கட்டங்கள். வரிவரியாகக் கட்டங்கள். அந்தக் கட்டங்களுக்கு நடுவில், தமிழாக வாசிக்கக் கூடிய ஒரே இடம், ஆங்கில எழுத்தில் இருந்த என் குறிப்பு.

நான்கு வாரமாக அப்பா என் கடிதங்களில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. குறிப்புகளை மட்டும் படித்திருக்கிறார்.

"குறி சொல்றவர் இல்லட்டி" என்றாள் வேல்கனி, மிக மெல்ல. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குறிப்பை மறுபடி படித்தேன். வலி. வி, ஏ, எல், ஐ. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் போடாமல் எழுதமாட்டேன். ஆகவே எனக்கு அந்த நான்கு எழுத்தும் வலிதான். அப்பாவின் பழைய மெயிலை எடுத்தேன். 'நான் வர வழி பாக்கேன்.' அதிலும் வி, ஏ, எல், ஐ. எங்கள் கடற்கரையில் யார் நாக்கிலும் ழ வராது. அப்பா அதை எழுத்திலும் போடமாட்டார். அம்மாவுக்கு இனி வலி இல்லை என்று நான் எழுதினேன். அம்மாவுக்கு இனி வழி இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டதாக அப்பா படித்தார்.

நாலு நாற்பது. முதல் அறையைத் திறந்து, நிறமில்லாமல், ஆங்கிலத்தில் விளக்கி அனுப்பினேன்: அந்தச் சொல்லுக்கு வேதனை என்று பொருள், அம்மாவுக்கு வேதனை இல்லை, ஆபரேஷன் நன்றாக முடிந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கிளாட்வின் அண்ணனின் பதில்: "படிச்சுக் காட்டுனேன். நம்ப மாட்டேங்காவ. ரோஸ்லின் பக்கத்துல நின்னு எழுதச் சொல்லுதாங்காவ, நல்ல சேதின்னா எதுக்கு இத்தன நாளும் ஒளிச்சு ஒளிச்சு எழுதுனான்னு கேக்காவ. இமெல்டா சொன்னாத்தான் கேப்பேங்காவ."

இமெல்டா என்பது அம்மா.

உண்மை ஒன்றை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. பதினெட்டாம் தேதியே எனக்குச் சந்தேகம் வந்தது. குடம் தூக்கு என்று அவர் எழுதியபோதே. அப்பா படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. படிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். ரிப்போர்ட்டைத் தவிர. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. "நாளைக்கு அந்த ரூம் எத்தன மணி வர தொறந்திருக்கும்?" என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

அம்மா வந்திருக்கிறாள். தையல் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆன உடம்போடு, முதல் மாடிக்கு. இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். வேல்கனி பின்னால் கையை விரித்துக்கொண்டு வந்தாள். வாசலில் முத்துமாரி அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

நாலு ஐந்து. நிரலில் ஹெச்டிஎம்எல் வரிகள் நூற்றிப் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். முதல் அறை மட்டும்.

"நான் சொல்லச் சொல்ல அடி" என்றாள் அம்மா. "ஒன் தமிழ்ல மாத்தாத. ஏங்க, இமெல்டா பேசுறேன்."

"நம்ப மாட்டாவம்மா. நான்தான் எழுதுறேன்னு நெனப்பாவ."

அம்மா யோசித்தாள். "இத அடி. கப்பல்ல பன்னெண்டு பேருக்குச் சமைக்குத மனுசன், போன லீவுல எனக்கு வச்சுக் குடுத்த ரசத்த யாருக்கும் தெரியாம வாழைக்கு ஊத்துனேன். வாழையும் பட்டுப் போச்சு."

வேல்கனி சிரித்துவிட்டாள். முத்துமாரி அக்காவும். அம்மா சிரிக்கவில்லை, அடுத்த வரியைச் சொன்னாள்.

"ஆபரேசன் முடிஞ்சிட்டு. கர்ப்பப்பைய எடுத்துட்டாவ. நான் படி ஏறி வந்து இங்கன ஒக்காந்திருக்கேன்."

அடித்தேன். வலி என்றோ வழி என்றோ ஒரு இடத்திலும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் வேறு எப்படிப் படிக்க முடியும் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கடிகாரம் நாலு பதினெட்டு.

"எனக்குக் கேன்சர்" என்றாள் அம்மா.

என் விரல் நின்றுவிட்டது.

"அடிட்டி."

"அம்மா, ஒங்களுக்கு..."

"தாள எங்கிட்ட மறைச்சா தெரியாமப் போயிருமா? ஊசி போடுத பிள்ள கண்ணப் பாத்தாலே தெரியும். அடி. எனக்குக் கேன்சர். ஆறு தடவ மருந்து ஏத்தணும்னு சொல்லுவாவ. ஏத்திக்கிடுவேன்."

ஐந்தாம் தேதியிலிருந்து இந்த நோட்டில் நான் எழுதாத சொல் அது. இப்போது ஆங்கில எழுத்தில் ஆறு எழுத்தாக அடித்தேன். எப்படிப் புரட்டிப் படித்தாலும் அது அதுவாகவே இருந்தது. கட்டமாகாது, வேறொன்றாகாது. தப்பாகப் படிக்க முடியாத சொல் எனக்கு அந்த ஒன்றுதான் கிடைத்தது.

"நீங்க குதிச்சா நான் யாருக்காக மருந்து ஏத்த? கப்பல விட்டு எறங்குனா ஏணியில எறங்கி வாங்க. அதுவரைக்கும் உப்புக் கூட்டிக் கொறச்சாவது அங்க இருக்கவுகளுக்குச் சமைங்க. புள்ளைய வையாதீங்க. அவ ஒருத்திதான் ஒங்ககிட்ட நெசத்தச் சொன்னவ."

இதை அடிக்கும்போது எனக்குத் திரை தெரியவில்லை. பழக்கத்தில் அடித்தேன்.

"கடைசியா, சாப்பிட்டீங்களான்னு கேளு."

நாலு இருபத்தைந்துக்கு அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று நிரல் சொன்னது. அது எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

நாலு முப்பத்தைந்து. ஒன்றும் வரவில்லை. அம்மா அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, திரையில் மின்னும் கோட்டையே பார்த்தாள். நாலு நாற்பத்தைந்து. கீழே மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். நாலு ஐம்பது. "கிளாட்வின் அண்ணனாவது எழுதலாமே" என்றேன். ஐந்து மணிக்கு அங்கே எல்லாம் நின்றுவிடும். பிறகு நாளை நாலு மணி வரை இருபத்து மூன்று மணி நேரம். கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு பேரை நினைத்தேன். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தூக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

நாலு ஐம்பத்தாறு. முத்துமாரி அக்கா தன் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

அப்பாவின் முகவரி. ஆங்கில எழுத்தில் அப்பாவின் தமிழ்.

"இன்னும் இல்ல. இப்ப சாப்பிடப் போறேன். நீ?"

அம்மா அதை என்னைப் படிக்கவிடவில்லை. விரலை ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் வைத்து, எழுத்துக் கூட்டி, தானே படித்தாள். மூன்று முறை படித்தாள். பிறகு, "நானும் இன்னும் இல்லன்னு அடி" என்றாள்.

அடித்தேன். மணி ஐந்து ஒன்று. போய்ச் சேர்ந்ததா என்று நாளைக்குத்தான் தெரியும்.

இறங்குவதற்கு முன் அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். கடைசி மேசையில் இதை எழுதுகிறேன். வேல்கனி அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். முத்துமாரி அக்கா கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறார். எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு வரி எழுத வேண்டும், ஆனால் விளக்குகளை அணைத்துவிட்டார்.